தெய்வானை அக்கா மறக்கவில்லை

வெள்ளிக்கிழமை காலை இரண்டாம் வகுப்புக்கு வாய்ப்பாடு நடத்திக்கொண்டிருந்தேன். ஊர்த் தமிழர் சங்கத்தின் செயலாளர் சைக்கிளைப் பள்ளி வேலியில் சாத்திவிட்டு, தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்பு வாசலில் வந்து நின்றார்.

"டீச்சர், கெபாயா அக்கா தவறிட்டாங்க. காலையில ஆறு மணிக்கு."

எப்போதும் மலாய்ப் பெண்களின் கெபாயாச் சட்டையிலேயே இருந்ததால் தெய்வானை அக்காவுக்கு ஊரில் அந்தப் பெயர். பிள்ளைகள் ஏழாம் வாய்ப்பாட்டைத் தாங்களாகவே சொல்லிக்கொண்டு போனார்கள். நான் ஒரு வார்த்தை பேசுவதற்குள் செயலாளர் அடுத்ததைச் சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை மண்டபத்துல இரங்கல் கூட்டம் வச்சிருக்கோம். தலைவர்தான் பேசுறாரு. நீங்க அவங்ககூடவே இருந்தவங்க. ஒரு பத்து வரி நல்லதா எழுதிக் கொடுத்தீங்கன்னா தலைவர் வாசிச்சிடுவாரு."

"எழுதித் தர மாட்டேன்னு சொல்லிடுங்க."

"என்னா டீச்சர், செத்தவங்க மேல என்னா கோவம்?"

"செத்தவங்க மேல இல்ல" என்றேன். அவருக்குப் புரிந்தது. தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைவருக்கு எழுதித் தராததை உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் என்றால், தெய்வானை அக்காவின் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து மலாய் படித்த பெண்கள். உங்களில் பலருக்கு இதை வாசிக்கத் தெரியாது. பிள்ளைகளை உட்காரவைத்து வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் நீங்கள் கேட்கப்போவது வேறாக இருக்கும். அக்காவும் தலைவரும் ஒன்றுசேர்ந்து இந்த ஊர்ப் பெண்களுக்காகப் பாடுபட்டதாகக்கூட அதில் வரலாம். அதனால் நடந்ததை நடந்தபடி ஒரு முறையாவது எழுதி வைக்க வேண்டும். தலைவரின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அது ஏற்கெனவே மண்டபத்துக் கல்லில் பொன்னெழுத்தில் இருக்கிறது. இங்கேயும் எதற்கு?

அக்காவை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில். அங்கே பெண்கள் வார்டில் அவர் உதவியாளர் வேலை பார்த்தார். என் மாணவி ஒருத்தியின் தாயை வயிற்று வலி என்று சேர்த்திருந்தார்கள். புக்கிட் பாருவில் ரப்பர் சீவுகிற பெண். எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக என்று நர்ஸ் மலாயில் கேட்க, அந்தப் பெண் எல்லாவற்றுக்கும் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தாள். அப்போது கெபாயாவும் சாரோங் கைலியும் உடுத்தி, கொண்டையில் ஊசி செருகிய ஒரு பெண்மணி வாளியைக் கீழே வைத்துவிட்டு வந்தார். மலாய்க்காரப் பெண் என்றுதான் நினைத்தேன். ஆனால் நெற்றியில் திருநீறு இருந்தது. கட்டிலில் கிடந்தவளின் வயிற்றில் இங்கே, இங்கே என்று மெல்லத் தொட்டு, "வலி? இது வலி? ராத்திரி வலி? ரத்தம் போவுது?" என்று கேட்டார். பதிலை நர்ஸிடம் மலாயில் சொன்னார். அன்று மாலையே அறுவை சிகிச்சை நடந்து அந்தப் பெண் பிழைத்தாள்.

நான் நன்றி சொல்லப் போனேன். என் தமிழ் அவருக்குப் பாதிதான் புரிந்தது. காஜா பெராங்கில் செட்டிகளின் குடியிருப்பான கம்பத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். பல தலைமுறைக்கு முன்னால் தமிழ்நாட்டிலிருந்து வந்து இந்த ஊரில் பெண்ணெடுத்துத் தங்கிவிட்ட குடும்பங்கள். சாமி நம் சாமி, பேச்சு மலாய். "எனக்குத் தமிழ் தெரியாது, சிக்கு" என்றார். ஆசிரியையான என்னைக் கடைசிவரை மலாய் வழக்கப்படி சிக்கு என்றுதான் கூப்பிட்டார். "தெரிஞ்சதெல்லாம் வலிக்கிற தமிழ்தான். வார்டுல கத்துக்கிட்டது." இதை அவர் மலாயில் சொன்னார். அவர் சொன்னவற்றில் பெரும்பாலானதை நான்தான் இங்கே தமிழில் எழுதுகிறேன். அன்று முதல் எனக்கு அதுதான் வேலை. அவர் பேச நான் தமிழில் சொல்வேன். பெண்கள் பேச நான் மலாயில் சொல்வேன்.

மெர்டேக்கா, இந்த நாட்டுச் சுதந்திரம், வந்தது. திடலில் கொடி ஏறியதை நாம் எல்லோரும் பார்த்தோம். நம்மில் பலர் இந்த நாட்டுப் பிரஜைகள் இல்லை என்பது கொடி ஏறிய பிறகுதான் உறைத்தது. சுதந்திரம் கிடைத்த முதல் ஆண்டுக்குள் மனுச் செய்தால் பலருக்கு மலாய்த் தேர்வு இல்லாமலே பிரஜாவுரிமை தருவார்கள் என்று அறிவிப்பு வந்தது. ஆண்கள் வேலை செய்த இடங்களில் கணக்கெழுதும் கிராணிமார் உட்கார்ந்து எழுதிக் கொடுத்தார்கள். பெண்களுக்கு எழுதிக் கொடுக்க ஆள் இல்லை. "புருஷனுக்குக் கிடைச்சா பொண்டாட்டிக்குக் கிடைச்ச மாதிரிதானே" என்று சங்கத்தில் சொன்னார்கள். அது பொய். தெய்வானை அக்கா அலுவலகத்துக்கே போய்க் கேட்டுவிட்டு வந்து, அது பொய் என்று வீடு வீடாகச் சொன்னார்.

சொல்லிவிட்டுச் சும்மா இருக்கவில்லை. தன் வீட்டுக் கூடத்தில் பாய் விரித்தார். சனி, ஞாயிறுகளில் நீங்கள் வந்தீர்கள். நான் எழுதினேன். அவர் உங்கள் கட்டைவிரலை மையில் தோய்த்துத் தாளில் அழுத்தினார். பிறந்த இடம் எது என்று கேட்டால் தோட்டத்தின் பேர் தெரியும், ஊர் தெரியாது. பிறந்த நாள் கேட்டால் மழைக்காலம் என்பீர்கள். அக்கா ஒவ்வொருவருக்கும் பொறுமையாகச் சாட்சி தேடினார். முப்பத்தேழு மனுக்கள் சேர்ந்தன.

சங்கத்தின் முத்திரை இருந்தால் மனு சீக்கிரம் நகரும் என்று யாரோ சொன்னதை நம்பி, முப்பத்தேழையும் தலைவரிடம் கொண்டுபோனோம். அந்த யோசனையைச் சரி என்று சொன்னவள் நான். அதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். தலைவர் தாள்களை வாங்கி மேசையில் தட்டி ஒழுங்காக அடுக்கினார். "நல்ல காரியம் பண்ணியிருக்கீங்க. இனிமே சங்கம் பாத்துக்கும்" என்றார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டோம். "போயிருச்சு" என்றார். மறுபடி கேட்டோம். "கவர்மெண்டு காரியம், நாளாகும்" என்றார்.

இந்த இடத்தில் பச்சையம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு அவளைத் தெரியாது. ரோட்டு வேலை செய்யும் காளியப்பனின் மனைவி. இரண்டு பெண் குழந்தைகள். கூடத்தில் எல்லோரையும் சிரிக்கவைக்கிறவள். நாகப்பட்டினம் பக்கத்து ஊரில் தகப்பனார் படுத்த படுக்கை, ஒரு தடவை வந்து முகம் காட்டிவிட்டுப் போ என்று கடுதாசி வந்தது. திரும்பி வருவதற்கு அனுமதிச் சீட்டு எடுக்க வேண்டுமா என்று கேட்கப் பச்சையம்மா தலைவரிடம் போனாள். நானும் கூடப் போனேன்.

"அதெல்லாம் வேணாம். உன் மனுதான் போயிருச்சே. இன்னிக்கோ நாளைக்கோ பிரஜாவுரிமை வந்துரும். தைரியமா போய்ட்டு வா" என்றார் தலைவர். சங்கத்தின் தாளில் ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்தார். எழுத்தெல்லாம் அழகாக இருந்தது.

பச்சையம்மா கப்பலேறினாள். தகப்பனாரின் கடைசி மூச்சுக்கு இருந்தாள். பதினாறாம் நாள் முடித்துத் திரும்பிக் கப்பலேறினாள். பினாங்குத் துறைமுகத்திலேயே அவளை நிறுத்திவிட்டார்கள். அனுமதிச் சீட்டு இல்லை. பிரஜை இல்லை. மனுவா? அப்படி ஒன்றும் இல்லை. சங்கத்தின் கடிதத்தை அதிகாரி படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாராம். காளியப்பன் மலாக்காவிலிருந்து பஸ் மாறி, ரயில் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வேலிக்கு இந்தப் பக்கம் அவன், அந்தப் பக்கம் அவள். "சின்னவளுக்குத் தல பின்னி விடுங்க, அவளுக்கு இறுக்கிப் பின்னுனா புடிக்காது" என்பதுதான் அவள் கடைசியாகச் சொன்னது. அதே கப்பல் அவளைத் திருப்பிக் கொண்டுபோய்விட்டது.

செய்தி வந்த அன்றைக்கே அக்கா ஆஸ்பத்திரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு என்னையும் அழைத்துக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனார். அங்கே இருந்த கிராணி புத்தகத்தைப் பக்கம் பக்கமாகப் புரட்டினார். பச்சையம்மா பெயர் இல்லை. உங்கள் முப்பத்தேழு பேரில் ஒருவர் பெயர்கூட இல்லை. அதற்குள் அந்த முதல் ஆண்டும் முடிந்திருந்தது. சலுகையும் போய்விட்டது.

"கவர்மெண்டுல தொலைச்சிருப்பானுங்க" என்றார் தலைவர்.

அக்கா அவரை நம்பவில்லை. ஆனால் கையில் ஆதாரம் இல்லை. அதைக் கொண்டுவந்தவர் ராஜம்மாள். தலைவரின் மனைவி. ராஜம்மாள் உயிரோடு இருக்கும்வரை இதை நான் எழுதமாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். சென்ற ஆண்டு அவரும் போய்விட்டார். இனி எழுதலாம். திருவிழா நாளில் வீட்டார் எல்லோரும் கோயிலுக்குப் போயிருக்க, தலைவலி என்று பாதியில் திரும்பி வந்தவர், தலைவரின் அலமாரியில் வேட்டிகளுக்கு அடியிலிருந்து ஒரு காகிதக் கட்டை எடுத்துச் சேலையில் சுற்றி, நடுப்பகல் வெயிலில் அக்கா வீட்டுக்கு நடந்து வந்தார். நான் அங்கே இருந்தேன். கட்டைப் பாயில் வைத்தார். முப்பத்தேழு தாள்களும் இருந்தன. உங்கள் கட்டைவிரல் ரேகைகளும் அப்படியே இருந்தன.

"இதுல என்னோடதும் ஒண்ணு இருக்கு" என்றார் ராஜம்மாள். "நான் யாருக்கும் தெரியாம வந்து ரேக வச்சேன், ஞாபகம் இருக்கா டீச்சர்? அது அவரு கண்ணுல பட்டிருக்கு. ஒரு வருஷமா ஒரு வார்த்த கேக்கல. தெரிஞ்சே வச்சிருந்திருக்காரு."

அக்காவிடம் அதைச் சொன்னேன். அவர் ராஜம்மாளின் கையைப் பிடித்து, "நீங்க இங்க வரவே இல்ல" என்றார். தமிழில், ஒவ்வொரு சொல்லாக.

அடுத்த ஞாயிறு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். அந்தக் காலத்தில் பெண்கள் உறுப்பினராக முடியாது. மண்டபத்தின் ஜன்னலோரமாக நின்று கேட்கலாம். அக்கா ஜன்னலோரம் நிற்கவில்லை. நேராக நடுவழியில் நடந்து மேடைக்கு முன்னால் போய் நின்றார். நான் பின்னால் போனேன். அக்கா கட்டைப் பிரித்து, ராஜம்மாள் பெயரை மட்டும் விட்டுவிட்டு, ஒவ்வொரு பெயராக வாசித்தார். மலாய் நாக்கில் அந்தப் பெயர்கள் கொஞ்சம் வளைந்தன. முனியம்மா, கன்னியம்மா, அஞ்சலை. ஜன்னலில் நின்ற நீங்கள் ஒவ்வொருவராக "நான்தான்" என்றீர்கள். பச்சையம்மா என்றார். காளியப்பன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான்.

தலைவர் சிரித்தார். "தமிழ்ல நாலு வார்த்த பேசத் தெரியாத பொம்பள நமக்குப் பாடம் சொல்ல வந்திருக்கு."

"ஏன் வச்சிருந்தீங்கன்னு அக்கா கேக்குறாங்க" என்றேன்.

அவர் பொய் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அதுதான் எனக்கு இன்றுவரை ஆறாதது. நாற்காலியில் சாய்ந்துகொண்டு, எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார்: "ஆமா, வச்சிருந்தேன். யோசிச்சுத்தான் வச்சேன். பொம்பளைங்க பேர்ல தனியா பிரஜாவுரிமை சுராட் இருந்தா நாளைக்குப் புருஷன் பேச்சக் கேப்பாளுங்களா? ஒவ்வொருத்தனும் வந்து கேக்கட்டும், அவன் பொண்டாட்டிக்கு வேணும்னா நான் அனுப்புறேன். கேட்டு வாங்குறவனுக்கு ஒரு நன்றி இருக்கும்ல?"

மண்டபத்தில் சில பேர் கைதட்டினார்கள். யார் யார் என்று எனக்குத் தெரியும். அவர்கள் மனைவிகளுக்கும் தெரியும்.

தாள்கள் எப்படி உன் கைக்கு வந்தன என்று தலைவர் கேட்டார். "திருவிழா அன்னைக்கு வீட்ல யாரும் இல்ல. பின்கதவு வழியா நான் போய் எடுத்தேன்" என்றார் அக்கா. அதை மொழிபெயர்க்க எனக்கு வாய் வரவில்லை. அவர் என்னைப் பார்த்து, "சொல்லு, சிக்கு" என்றார். சொன்னேன். போகும்போது அக்கா தலைவரைத் திரும்பிப் பார்த்து, "சாயா தா லூப்பா" என்றார். நான் மறக்கமாட்டேன் என்று அர்த்தம். அதை மொழிபெயர்க்கச் சொல்லவில்லை. அந்த அளவு மலாய் எல்லோருக்கும் தெரியும்.

மறுநாள் வீடு புகுந்து திருடியதாகத் தலைவர் போலீஸில் புகார் கொடுத்தார். அக்காவை ஆஸ்பத்திரியில் வேலை செய்துகொண்டிருந்தபோதே வந்து கூட்டிப்போனார்கள். காலையிலிருந்து மதியம் தாண்டும்வரை ஸ்டேஷன் பெஞ்சில் உட்காரவைத்தார்கள். வேலை போகலாம், சிறைக்கும் போகலாம். ராஜம்மாள் பெயரை ஒரு முறை சொல்லியிருந்தால் எழுந்து வந்திருக்கலாம். "ஆமா, நான்தான் எடுத்தேன்" என்று எத்தனை முறை கேட்டாலும் அதையே சொன்னார். கடைசியில் இன்ஸ்பெக்டர் தாள்களைக் கொண்டுவரச் சொல்லிப் படித்தார். தலைவரை வரவழைத்து, "இதெல்லாம் அரசாங்கத்துக்குப் போக வேண்டிய மனு. இதுல ஒண்ணுகூட உங்க ரேகை இல்ல. இது உங்க அலமாரியில ஒரு வருஷம் எதுக்கு இருந்தது? முதல்ல அத எழுதிக் கொடுங்க, அப்புறம் திருட்டப் பாப்போம்" என்றார். தலைவர் புகாரைத் திரும்ப வாங்கிக்கொண்டு போனார். நான் ஸ்டேஷன் வாசலில் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். நன்றாகப் பார்த்தேன்.

அதன் பிறகுதான் மலாய் வகுப்பு. சலுகை முடிந்துவிட்டதால் இனி அதிகாரியின் முன்னால் மலாய் பேசிக் காட்ட வேண்டும். வாரத்தில் மூன்று நாள், சாயங்காலம் நான்கு மணிக்கு. ஆஸ்பத்திரி வேலை முடிந்து வந்து, முகம் கழுவி, அக்கா பாயில் உட்காருவார். புத்தகம் கிடையாது. முதல் நாள் பாடம் இரண்டே வாக்கியம். சாயா திங்கால் டி சினி. நான் இங்கே வசிக்கிறேன். அனாக் சாயா லாஹிர் டி சினி. என் பிள்ளை இங்கே பிறந்தது. இடுப்பில் பிள்ளையோடு, அரிசி கழுவிய கை ஈரத்தோடு, நீங்கள் அதைத் திரும்பத் திரும்பச் சொன்னீர்கள். உச்சரிப்புக்கு அக்கா சிரிக்கமாட்டார். நீங்கள்தான் ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்தீர்கள். ஐந்தாவது வாரம் ராஜம்மாள் வந்து சுவரோரமாக உட்கார்ந்தார். யாரும் ஒன்றும் கேட்கவில்லை. அஞ்சலை தள்ளி உட்கார்ந்து பாயில் இடம் விட்டாள்.

அதிகாரி அழைத்த நாளில் காஜா பெராங்கிலிருந்து அலுவலகம்வரை நடந்தே போனோம். சாலையோரத்தில் வரிசையாக, முன்னால் அக்கா குடையோடு. தங்கள் மனைவியைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்ட ஆண்களும் இருந்தார்கள். கூடவே நடந்துவந்த ஆண்களும் இருந்தார்கள். அவர்களை இங்கே மறந்துவிடக் கூடாது. உள்ளே கன்னியம்மாவின் முறை வந்தது. எத்தனை பிள்ளைகள் என்று அதிகாரி மலாயில் கேட்டார். எண்ணிக்கை சொன்னால் போதும் என்றுதான் அக்கா சொல்லிக் கொடுத்திருந்தார். கன்னியம்மா, "எம்பாட்" என்றாள். நான்கு. பிறகு அவளாகவே, யாரும் சொல்லித்தராததை, தெரிந்த சொற்களை வைத்துக் கட்டினாள். "சாத்து சுடா மாத்தி. தானாம் டி சினி." ஒன்று செத்துப்போச்சு. இந்த மண்ணிலதான் புதைச்சேன். அதிகாரி அடுத்த கேள்வி கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டார்.

வெளியே வந்து அக்கா சுவர்ப் பக்கம் திரும்பி நின்று அழுதார். அவர் அழுது நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

எல்லோருக்கும் கிடைத்தது. இரண்டு பேருக்கு இரண்டாம் முறையில் கிடைத்தது. பச்சையம்மாவுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அங்கே இருந்துகொண்டு இங்கே பேசிக் காட்ட முடியாது.

பிறகு நகராண்மைக் கழகத் தேர்தல் வந்தது. தலைவர் நிற்கிறார் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். அன்று சாயங்காலம் அக்கா என்னிடம், "இதுக்குத்தான் காத்திருந்தேன், சிக்கு. நானும் நிக்கிறேன்" என்றார். ஊர் சேவைக்காகவா என்று கேட்டேன். அவர் என்னைப் பார்த்தார். "தேர்தல்ல நின்னாலும் சேவை செய்வேன், நிக்காட்டியும் செய்வேன். இது அவருக்காக" என்றார். அக்காவை மகானாக்கிப் பேச ஞாயிற்றுக்கிழமை ஆட்கள் வருவார்கள் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன். அவர் பழிவாங்கத்தான் நின்றார். அதை மறைக்கவும் இல்லை.

தலைவரின் கூட்டங்களில் ஒலிபெருக்கி இருந்தது. "நம்ம சாமியக் கும்புட்டா நம்மாளா? வாயத் தொறந்தா மலாய். சேல கட்டத் தெரியாதவளா நமக்குப் பிரதிநிதி?" என்று கேட்டார். அக்கா ஒரே ஒரு கூட்டத்தில் பேசினார். செட்டிக் கம்பத்துக் கோயிலுக்கு முன்னால், ஒரு பெஞ்சின் மேல் நின்று. நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். பேச்சு இவ்வளவுதான்: "இந்த மனுஷன் உங்க தாள ஒரு வருஷம் வேட்டிக்கு அடியில வச்சிருந்தாரு. இப்ப உங்ககிட்ட ஒரு தாளு வருது. அதுல நீங்க அடையாளம் போட்டு நீங்களே பெட்டியில போடலாம். அத யாரும் அலமாரியில வைக்க முடியாது."

வாக்களிப்பு நாளில் நீங்கள் கல்யாணச் சேலையில் வந்தீர்கள். விடிந்ததும் வந்து வரிசையில் நின்றவர்கள் வெயில் ஏறியும் கலையவில்லை. தலைவரின் ஆட்கள் மேளக்காரர்களை முன்கூட்டியே அழைத்துவைத்திருந்தார்கள். மாலையில் முடிவைச் சொன்னபோது மேளம் உறையிலேயே இருந்தது. அக்கா ஜெயித்தார். தலைவர் தோற்றார். நூலிழையில் அல்ல, நன்றாகவே தோற்றார். தன் பெயருக்குப் பின்னால் வாசித்த எண்ணை நம்பமுடியாமல் மறுபடி வாசிக்கச் சொன்னார். மறுபடி வாசித்தார்கள். அதை இரண்டு முறை கேட்டதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை இத்தனை வருடம் கழித்தும் குறைத்துச் சொல்ல மனம் வரவில்லை. மறுநாள் ராஜம்மாள் வீட்டில் பாயசம் வைத்தாராம். என்ன விசேஷம் என்று தலைவர் கேட்டதற்கு, "பால் மிஞ்சிருச்சு" என்றாராம்.

நகராண்மைக் கழகத்தில் அக்கா செய்தவை உங்களுக்குத் தெரியும். ரோட்டுத் தொழிலாளர் லயத்து வீடுகளுக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது. பெண்கள் குளிக்க மறைப்புக் கட்டினார்கள். பிள்ளைகளுக்கு ஊசி போடும் நாளை மூன்று மொழியிலும் எழுதி ஒட்டினார்கள். அக்கா கெபாயாவில் போய் உட்கார்ந்து, ஆண்கள் பேசி முடித்துச் சுருட்டுப் பிடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கேட்டார். மறுத்தால் அடுத்த கூட்டத்திலும் அதையே கேட்டார். "நான் கெஞ்ச வரல. திரும்பத் திரும்ப வர வந்திருக்கேன்" என்பார்.

அவர் கேட்டுக் கிடைக்காதது ஒன்றுதான். பச்சையம்மாவைத் திருப்பி அழைக்க அவர் அனுப்பிய மனுக்கள் எத்தனை என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் எழுதியவள் நான். கோலாலம்பூருக்கு எழுதினோம். பதில் வரும், அல்லது வராது. காளியப்பன் பிள்ளைகளைத் தானே வளர்த்தான். தேர்தல் முடிந்த மூன்றாம் வருடம் அங்கிருந்து கறுப்பு மை தடவிய கார்டு வந்தது. காய்ச்சலில் போய்விட்டாளாம். கார்டை அக்காவிடம் நான்தான் வாசித்துக் காட்டினேன். "அவருக்கு இன்னும் பத்தல" என்றார். தலைவருக்குத் தேர்தல் தோல்வி மட்டும் தண்டனையாகப் போதாது என்பது அர்த்தம். வேறு என்ன தண்டனை என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஜெயித்ததால் பச்சையம்மா வந்துவிடவில்லை. அதையும் சொல்லாவிட்டால் நானும் ஞாயிற்றுக்கிழமைப் பேச்சாளர்களில் ஒருத்தியாகிவிடுவேன்.

கடைசி இரண்டு மாதம் அக்கா, தான் வேலை பார்த்த வார்டிலேயே படுத்திருந்தார். போன மாதம் ஒரு மாலை, பார்வையாளர் நேரத்தில், தலைவர் வந்தார். நரைத்துவிட்டார். ஆரஞ்சுப் பழப் பையோடு, படம் எடுக்க ஓர் ஆளோடு வந்தார். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "நடந்தது நடந்துபோச்சு. வயசாயிருச்சு ரெண்டு பேருக்கும். மன்னிச்சிட்டேன்னு ஒரு வார்த்த சொல்லுங்க" என்றார். நான் மொழிபெயர்க்கவில்லை. தேவைப்படவில்லை.

அக்கா தலையணையில் கொஞ்சம் நிமிர்ந்தார். "பச்சையம்மாவக் கொண்டு வா" என்றார். தமிழில்தான் சொன்னார். "கொண்டு வந்து இங்க நிறுத்து. அப்புறம் கேளு."

தலைவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். படமெடுக்க வந்தவன் கருவியைப் பைக்குள் வைத்தான். அவர்கள் போன பிறகு பக்கத்துக் கட்டில் பாட்டியம்மா, "போற காலத்துல மன்னிச்சிருக்கலாமே, சாமி சந்தோஷப்படும்" என்றாள். நான் அதை மலாயில் சொன்னேன். அக்கா, "சாமி மன்னிக்கட்டும். அது சாமி வேல. என் வேல வேற" என்றார். ஆரஞ்சுகளை வார்டில் எல்லோருக்கும் கொடுக்கச் சொன்னார். தனக்கு ஒன்றும் எடுத்துக்கொள்ளவில்லை.

இன்று சனிக்கிழமை. காலையில் அவரைச் செட்டிகள் தங்கள் முறைப்படி கொண்டுபோனார்கள். பின்னால் நீங்கள் நடந்து வந்தீர்கள்.

அவர் வீட்டார் நினைவாக ஏதாவது எடுத்துக்கொள்ளுங்கள் என்று கெபாயாவையும் கொண்டை ஊசியையும் காட்டினார்கள். வேண்டாம் என்றேன். நான் வைத்துக்கொண்டிருப்பது வேறு. எந்தப் பெண்ணுடைய தாளையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டு நான் திரும்பி வருவதில்லை. அவளையே அழைத்துப் போய், அவள் கையாலேயே கொடுக்கவைத்து, சீல் விழும் சத்தம் கேட்கும்வரை பக்கத்தில் நிற்கிறேன். இது அவரிடம் கற்றது. இன்னொன்று, அவருடைய கோபம். அதை அவர் கடைசிவரை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல், தேயவும் விடாமல் வைத்திருந்தார். இப்போது அது என்னிடம் இருக்கிறது. அதை ஆற்றிவிட யாரும் என் வீட்டுக்குப் பழப் பையோடு வர வேண்டாம்.